சித்திரமும் சாசனமும்



பாரத தேசத்தின் விடுதலைப் போராட்டத்தைப் பற்றிப் பெரியோர்கள் பலர் பேசியும் எழுதியும் இருக்கிறார்கள். தலைவர்களின் தியாகமும், தொண்டர்களின் சகிப்பும், சிறைச்சாலைகளின் கொடுமையும் உங்களுக்குப் புதியன அல்ல. ஆகவே அந்த வரலாற்றை மறுபடியும் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லிச் செல்வது என் நோக்கமன்று. அந்த வரலாறு நம்முடைய கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, எந்தக் காகிதம் அதைச் சுமந்து வந்தது, எந்தச் சித்திரம் அதைக் காட்டிற்று, யார் அவற்றைக் காத்தார்கள், யார் அழிக்க முயன்றார்கள் என்பவற்றையே இன்று மாலை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போராட்டக் காலத்துத் தஸ்தாவேஜுகளில் பெரும்பகுதி, அதை அடக்க முயன்ற சர்க்காரின் கையால் எழுதப்பட்டது. ஆகையால் அவற்றை மட்டும் படிப்பவன் போராட்டத்தின் உடலைக் காண்பானேயன்றி உயிரைக் காணமாட்டான். அந்த உயிரை நமக்குக் காட்டுவன அக்காலத்துச் சித்திரங்களும், போராடியவர்கள் தாமே எழுதிவைத்த ஏடுகளுமே. சித்திரத்தையும் சாசனத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும் பயிற்சி நமக்கு இன்றியமையாதது.

சென்னை எழும்பூரில் 1909-ஆம் ஆண்டு முதல் நிற்கும் ஆவணக் காப்பகத்தை உங்களில் பலர் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். கம்பெனியார் காலம் முதலாகச் சென்னை இராஜதானியை ஆண்டவர்கள் எழுதிய கடிதங்களும், பிறப்பித்த உத்தரவுகளும், வாங்கிய அறிக்கைகளும் அங்கே அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. கல்கத்தாவில் 1891 மார்ச் 11-ஆம் தேதி இம்பீரியல் ரிக்கார்டு டிபார்ட்மெண்ட் என்ற பெயரில் தோன்றி, தலைநகரம் மாறியதை ஒட்டி டில்லிக்குப் பெயர்ந்து, 1926-இல் தனக்கென்று கட்டிய மாளிகையில் குடியேறிய நிலையமே, சுதந்திரத்துக்குப் பிறகு தேசிய ஆவணக் காப்பகம் ஆயிற்று. இவ்விரண்டு இடங்களிலும் விடுதலைப் போராட்டத்துக்குச் சம்பந்தமான கோப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு. சென்னைக் காப்பகத்தில் ‘அண்டர் செக்ரடரியின் பெட்டகக் கோப்புகள்’ என்றே ஒரு வரிசை இருக்கிறது. சாதாரண குமாஸ்தாக்களின் கண்ணில் படலாகாது என்று கருதப்பட்ட இரகசியக் காகிதங்கள் அந்த வரிசையைச் சேர்ந்தவை.

இந்தக் கோப்புகளை எழுதியவர்கள் யார்? போலீஸ் அதிகாரிகள், கலெக்டர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சர்க்கார் வக்கீல்கள். தேசபக்தர்களோ, வீட்டுச் சோதனை எந்த இரவிலும் வரலாம் என்ற அச்சத்தினால், தம் நண்பர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய கடிதங்களைத் தாமே அடுப்பில் இட்டு எரித்தார்கள். எரிக்கப்பட்டவை போக எஞ்சியவற்றுள் பல, பறிமுதல் செய்யப்பட்டுச் சர்க்காரின் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. 1878-இல் தேசமொழிப் பத்திரிகைகளை ஒடுக்கிய சட்டமும், 1910-இன் பத்திரிகைச் சட்டமும், 1931-இன் அவசரகால அதிகாரச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தடை செய்யப்பட்ட துண்டுப் பிரசுரங்களின் பிரதிகள் லண்டனில் இந்தியா ஆபீஸ் நூல் நிலையத்துக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் அனுப்பப்பட்டுப் பூட்டி வைக்கப்பட்டன. அவ்வாறு பூட்டப்பட்ட காரணத்தினாலேயே அவற்றுள் பல இன்று ஆராய்ச்சியாளர் கையில் கிடைக்கின்றன. ஊரில் படித்துக் கைமாற்றிக் கொண்டிருந்தவர்களிடம் இருந்த பிரதிகள் கறையானுக்கும் மழைக்கும் இரையாயின. இந்த உண்மையை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். அதே சமயத்தில், எதிராளி காத்துக் கொடுத்த சாட்சியத்தை எதிராளியின் கண்கொண்டே படித்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் நமக்கு வேண்டும்.

ஆனால் சர்க்காரின் கோப்புகளைப் பொய் என்று தள்ளிவிடுவதும் பேதைமை. வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே ஒன்றை நினைத்த ஆட்சியின் உள்ளத்தை, அதன் சொந்தக் கையெழுத்தே வெளியிட்டுவிடுவதும் உண்டு. வங்காளத்தை இரண்டாகப் பிரித்த கர்ஸான் பிரபுவின் சர்க்கார், மாகாணம் மிகப் பெரிதாகிவிட்டது, நிர்வாகம் செய்வது கஷ்டம் என்றே உலகத்துக்குச் சொல்லிற்று. ஆனால் உள்நாட்டு இலாகாவின் காரியதரிசியாக இருந்த ரிஸ்லி 1904-இல் எழுதிய குறிப்பு வேறு கதையைச் சொல்கிறது. ஒன்றுபட்ட வங்காளம் ஒரு சக்தி என்றும், பிரிக்கப்பட்ட வங்காளம் பல திசைகளில் இழுபடும் என்றும், தம் ஆட்சியை எதிர்க்கும் உறுதியான கூட்டத்தைப் பிளந்து வலிமையிழக்கச் செய்வது பிரதான நோக்கங்களில் ஒன்று என்றும் அவர் அதிலே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். 1905 அக்டோபர் 16-ஆம் தேதி பிரிவினை அமலுக்கு வந்தது. பிரிவினையின் காரணத்தை அறிய ரிஸ்லியின் குறிப்பு போதும். ஆனால் பிரிவினையினால் வங்காளத்து ஜனங்களின் நெஞ்சில் எழுந்தது என்ன என்பதை அறிய அந்தக் குறிப்பு சிறிதும் உதவாது. அதற்கு நாம் ஒரு சித்திரத்தினிடம் செல்ல வேண்டும்.

அதே 1905-ஆம் ஆண்டில் அவனீந்திரநாத தாகூர் தீட்டிய ‘பாரத மாதா’ என்னும் நீர்வண்ணச் சித்திரம் அது. ஜப்பானிலிருந்து கல்கத்தாவுக்கு வந்திருந்த ஓவியர்களிடம் கண்ட முறையைத் தழுவி, வண்ணத்தைப் பூசியும் நீரில் நனைத்தும் மீண்டும் பூசியும், பனிமூட்டத்தினுள்ளிருந்து வடிவம் எழுவதுபோல அதை அவர் எழுதினார். காவி உடுத்த ஓர் இளம் தவமகள் நிற்கிறாள்; தலையைச் சுற்றி ஒளிவட்டம்; பாதங்களின் அருகே வெண்தாமரைகள். நான்கு கரங்கள். ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் வெள்ளைத் துணி, ஒன்றில் ஏடு, ஒன்றில் ஜபமாலை. அன்னம், வஸ்திரம், சிக்ஷை, தீக்ஷை என்னும் நான்கையும் தன் மக்களுக்கு அளிக்க வந்தவளாக அவள் நிற்கிறாள். நம் தெய்வ வடிவங்களின் கரங்களில் நாம் வழக்கமாகக் காணும் சக்கரமும் சூலமும் வாளும் அந்த நான்கு கரங்களில் எதிலும் இல்லை. கோபத்தினால் கொந்தளித்த ஓர் ஆண்டில், அந்நியத் துணிகளைத் தெருவில் எரித்த ஓர் ஆண்டில், ஒரு கலைஞன் தேசத்துக்குக் கொடுத்த வடிவம் ஆயுதமற்ற வடிவமாக இருந்தது. சுதேசி இயக்கம் எதை எதிர்த்தது என்பதைக் கோப்புகள் சொல்லும். எதை விரும்பிற்று என்பதை இச்சித்திரம் சொல்கிறது. உண்ணச் சோறும், உடுக்கத் தன் கையால் நெய்த துணியும், தன் மொழியில் கல்வியும், தன் நெறியில் வாழ்வும் வேண்டும் என்பதைத் தவிர அந்த இயக்கம் கேட்டதுதான் என்ன? சகோதரி நிவேதிதை இச்சித்திரத்தைக் கண்டு உவந்து போற்றி எழுதியதில் வியப்பில்லை.

இந்தக் கலை மறுமலர்ச்சிக்கும் நம் சென்னைக்கும் உள்ள உறவை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். அவனீந்திரரைக் கல்கத்தா கலைப்பள்ளியில் தம் அருகே அமர்த்திக்கொண்டு, ஐரோப்பியச் சித்திரங்களை நகல் எடுப்பதை விட்டுத் தன் தேசத்துச் சிற்பத்தையும் ஓவியத்தையும் பார்க்குமாறு தூண்டிய ஹாவெல், அதற்கு முன் 1884-இல் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்தவர். அதே அவனீந்திரரின் மாணாக்கரான தேவி பிரசாத் ராய் சௌதுரி, 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்று முப்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறையப் பணியாற்றினார். மெரினாக் கடற்கரையில் கோல் ஊன்றி அடியெடுத்து வைக்கும் காந்தியடிகளின் சிலை அவர் கைவண்ணம். அதைக் கடந்து செல்லும் ஒவ்வொருவரும் போராட்டக் காலத்துக் கலைமரபின் முன்னால் நடந்துகொண்டிருக்கிறோம் என்பதை அறிந்து நடப்பது நல்லது.

தமிழகத்தில் சித்திரம் அரசியலுக்குள் புகுந்தது பத்திரிகையின் வழியாக. 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில், சுப்பிரமணிய பாரதியார் தமிழ்ப் பத்திரிகை உலகம் அதுவரை கண்டிராத கருத்துப் படங்களை முதல் பக்கத்தில் வெளியிட்டார். படம் வரையப்பட்டிருக்கும், அதன் கீழே அதன் பொருளை விளக்கும் தமிழ் வசனமும் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி, அன்னிய ஆட்சியின் சுரண்டலையும் மிதவாதிகளின் தயக்கத்தையும் சுதேசிக் கப்பலின் சிறப்பையும் அப்படங்கள் காட்டின. சர்க்கார் சும்மா இருக்கவில்லை. தேசமொழிப் பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் படித்து, ஆட்சேபகரமான பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி, வாரந்தோறும் அதிகாரிகளுக்கு இரகசியமாக அனுப்பும் ஏற்பாடு அப்போது இருந்தது. அந்த வாராந்தர அறிக்கைகள் இன்று கிடைக்கின்றன. மூலப் பத்திரிகைகளின் பல இதழ்கள் மறைந்துபோன நிலையில், அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று அறிய அந்தச் சுருக்கமே சில இடங்களில் நமக்கு ஒரே துணை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் கட்டுரையின் சாரத்தைத்தான் எடுத்துத் தர முடியும். படத்தைக் கண்டவுடன் திண்ணையில் கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பையும், அந்தச் சிரிப்பிலே கரைந்த பயத்தையும் எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. ஓர் ஆட்சியைக் கண்டு மக்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டால், அந்த ஆட்சியின் பிரதாபத்தில் பாதி அப்போதே போயிற்று. 1908-இல் பத்திரிகையின் சட்டப்படியான ஆசிரியர் சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்; பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார்; அங்கிருந்து ‘இந்தியா’ மறுபடியும் வெளிவந்து, பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டு, 1910-இல் நின்றது. பாரதியார் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1928-இல் அவருடைய பாடல் நூல்களைச் சர்க்கார் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் எழுந்து வாதாடியவர் சத்தியமூர்த்தி. அந்த விவாதம் சட்டசபை நடவடிக்கைப் புத்தகத்தில் அச்சேறியது. தடுத்தவர்களின் ஏட்டிலேயே தடுக்கப்பட்டவரின் புகழ் பதிவாயிற்று.

சிறைப்பட்டவர் தாமே எழுதிய சாசனத்துக்கு வ. உ. சிதம்பரம் பிள்ளையைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் தொடங்கி 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்ச ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பெருந்தனவந்தர் சிலரிடம் மட்டும் பணம் திரட்டுவதாயின் பங்கின் விலையை உயர்த்தி வைத்திருக்கலாம். நடுத்தர வருமானமுள்ளவனும் கப்பலில் தனக்கு ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்த 25 என்ற எண்ணிலேயே அடங்கியிருக்கிறது. உணர்ச்சியற்றதென்று நாம் நினைக்கும் கம்பெனிப் பத்திரமும் படிக்கத் தெரிந்தவனிடம் பேசும். 1908 ஜூலையில் இராஜத்துரோக வழக்கில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். தீர்ப்பு இருக்கிறது, அப்பீல் தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. இவையெல்லாம் அவரை இராஜத்துரோகியாகவே காட்டும். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்தபோது அந்த மனிதர் என்ன நினைத்தார், அதிகாரிகளிடம் எவ்வாறு தம் மானத்தைக் காத்துக்கொண்டார், சகக் கைதிகள் அவரிடம் எவ்வளவு அன்பு செலுத்தினர் என்பதை அறிய, அவர் அகவற்பாவில் எழுதிய சுயசரிதையைத்தான் படிக்க வேண்டும். தம்முடைய துன்பத்தைச் செய்யுளில் அளந்து எழுதுகிற மனநிலை எத்தகைய உறுதியின் விளைவு என்பதை இளைஞர்கள் சிந்திக்க வேண்டும்.

ஆவணங்களைப் படிப்பவனுக்கு நேர்மையும் வேண்டும் என்பதற்கு வேறொரு காகிதத்தைச் சொல்கிறேன். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு தமிழ்க் கடிதம் இருந்தது. பின்னர் நடந்த சதி வழக்கில் அது சாட்சியப் பொருளாயிற்று. அந்த இளைஞரின் துணிவும் சாவுக்கு அஞ்சாமையும் அதில் இருக்கின்றன. இன்று நாம் ஏற்க இயலாத துவேஷச் சொற்களும் அதில் இருக்கின்றன. நமக்கு உவப்பான வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து மேடையில் முழங்குவது சரித்திரத்துக்குச் செய்யும் சேவையன்று. கடிதத்தை முழுமையாகப் படித்து, அதை எழுதிய காலத்தையும் மனத்தையும் முழுமையாகப் புரிந்துகொள்வதே அந்த உயிருக்கு நாம் காட்டும் மரியாதை.

1930-ஆம் ஆண்டுக்கு வருவோம். தண்டியை நோக்கிக் காந்தியடிகள் நடந்த அந்த ஆண்டில், சாந்திநிகேதனத்தில் இருந்த நந்தலால் வசு, லினோலியத் தகட்டில் செதுக்கி ஒரு படத்தை அச்சிட்டார். கருப்பு நிலம், அதில் வெள்ளைக் கோடுகளாலான ஓர் உருவம், கையில் கோல், முன்னே நீளும் கால். வேறு அலங்காரமில்லை. சில கோடுகளில் ஒரு மனிதனின் தீர்மானம் முழுவதையும் அடக்கிவிட்ட அந்தச் சித்திரம், தகட்டிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கத்தக்கது; ஏழையின் குடிசைச் சுவருக்கும் எட்டத்தக்கது. அதே ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் புறப்பட்ட தொண்டர்படை, 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரணியத்தை அடைந்தது. தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன், தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு ஒரு சாசனம். அதைப் படித்தால் ஜில்லா முழுவதும் நடுங்கி அடங்கிவிட்டது என்றே தோன்றும். ஆனால் வழிநெடுக மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன. போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று சொல்லிச் சிறை சென்றார் வேதாரணியத்து நாவிதர் வைரப்பன். இச்செய்திகள் நமக்கு வந்து சேர்ந்தது, உடன் நடந்தவர்கள் பின்னாளில் எழுதிய நினைவுகளினாலும், ஊரார் சொல்லிச் சொல்லிக் காத்ததனாலும். இவ்விரண்டும் இல்லாவிட்டால் கலெக்டரின் அறிவிப்பு ஒன்றே சரித்திரமாக நின்றிருக்கும்.

கலையைப் போராட்டத்தின் நடுவே கொண்டுவந்து வைத்ததில் காந்தியடிகளுக்குத் தெளிவான கொள்கை இருந்தது. காங்கிரஸ் மகாசபையை நகரத்திலிருந்து கிராமத்துக்கு அழைத்துச் சென்றபோது, பந்தலையும் வாயில்களையும் அலங்கரிக்கும் பொறுப்பை அவர் நந்தலாலிடம் ஒப்படைத்தார். 1938 பிப்ரவரியில், குஜராத்தில் தபதி நதிக்கரையிலுள்ள ஹரிபுராவில், சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் கூடிய மகாசபைக்காக நந்தலாலும் அவருடைய மாணவர்களும் நூற்றுக்கணக்கான சித்திரங்களைத் தீட்டினார்கள். கைக்காகிதத்தை அட்டையில் ஒட்டி, மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த வண்ணங்களைக் குழைத்து, விரைந்தோடும் தூரிகையால் எழுதிய படங்கள் அவை. அவற்றில் தலைவர்களின் முகங்கள் இல்லை. மத்தளம் கொட்டுபவனும், உழுபவனும், தச்சனும், நெல் குத்தும் பெண்ணும், குழந்தைக்குப் பாலூட்டும் தாயும், வேட்டைக்காரனும் அங்கே இருக்கிறார்கள். மகாசபைக்கு வந்த குஜராத்து விவசாயி எதிரே தன்னையே கண்டான். இந்த ராஜ்யம் வந்தால் அது தன்னுடையதாக இருக்கும் என்பதை எந்தத் தீர்மானத்தின் வாசகத்தைக் காட்டிலும் தெளிவாக அந்தப் படம் அவனுக்குச் சொல்லிற்று. ஹரிபுரா மகாசபையின் தீர்மானங்களைப் படிக்கும் மாணவன், புது டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்திலுள்ள அந்தச் சித்திரங்களையும் பார்க்காமல், அந்த மகாசபையைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

சித்திரமும் முழுச் சாட்சி அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1929 ஏப்ரலில், மத்திய சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சில நாள் முன்பு, டில்லி காஷ்மீரி வாயிலில் உள்ள புகைப்பட நிலையத்தில் பகத் சிங் ஒரு படம் எடுத்துக்கொண்டார். தொப்பி அணிந்த அந்த முகம்தான் இன்று நாடெங்கும் நாம் காண்பது. 1931 மார்ச் 23-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்ட பிறகு, அந்த முகத்தை வைத்து எண்ணற்ற வண்ண அச்சுப் படங்கள் வெளியாயின; சர்க்கார் பலவற்றைத் தடை செய்தது. தம் தலையைத் தாமே பாரத மாதாவுக்குக் காணிக்கையாக ஏந்தி நிற்கும் பகத் சிங்கைச் சில படங்களில் காண்கிறோம். காந்தியடிகளும் பகத் சிங்கும் ஒரே படத்தில் ஒன்றுபட்டு நிற்பதை வேறு சிலவற்றில் காண்கிறோம். வாழ்ந்த காலத்தில் அவ்விருவரின் வழிகளும் வெவ்வேறாக இருந்தன என்பதை அந்தப் படங்கள் சொல்லா. அதைச் சொல்வன எழுத்துகள்: சிறையில் பகத் சிங் படித்த நூல்களிலிருந்து குறிப்பெடுத்து நிரப்பிய நோட்டுப் புத்தகம் அவருடைய அறிவுத் தாகத்தையும் கொள்கையையும் நமக்குத் தெரிவிக்கிறது. மக்களின் பக்தி இருவரையும் ஒன்றாக்கியதும் உண்மை. அவர்களுடைய எழுத்து அவர்களை வேறாகக் காட்டுவதும் உண்மை. சித்திரம், எழுத்து என்னும் சாட்சிகள் இரண்டையும் விசாரித்த பிறகே நீதிமான் முடிவுக்கு வருவான்.

இந்த விசாரணை எவ்வளவு அவசியம் என்பதை 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைப் போல வேறெதுவும் உணர்த்தாது. சர்க்கார் அமைத்த உட்ஹெட் விசாரணைக் கமிஷன், சுமார் 15 லட்சம் பேர் மாண்டதாக 1945-இல் கணக்குச் சொல்லிற்று. பின்னாளைய ஆராய்ச்சியாளர்கள் பலர் அந்தத் தொகையை இருமடங்காகவே மதிப்பிடுகிறார்கள். கமிஷன் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களை அழித்துவிடும்படி அங்கத்தினர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்களுள் ஒருவரான மணிலால் நானாவதி தம்மிடமிருந்த பிரதியை அழிக்காமல் வைத்திருந்தார். அந்தக் காகிதங்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு தனி மனிதரின் மனச்சாட்சி ஒரு தேசத்தின் சாட்சியத்தைக் காத்தது. அதே பஞ்சத்தின்போது சித்தப்பிரசாத் என்னும் இளம் ஓவியர், புயலாலும் பசியாலும் சிதைந்த மேதினிபூர் ஜில்லாவில் நடந்து திரிந்து, கண்டவற்றைக் கருப்பு மையினால் வரைந்தார். எலும்பும் தோலுமான உடல்கள், அவற்றுக்குரியவர்களின் பெயர், அவர்கள் சொன்ன செய்தி என்று வரைவும் எழுத்துமாக அவர் சேர்த்தவை ‘பசித்த வங்கம்’ என்னும் பொருள்பட ஒரு சிறு புத்தகமாக அச்சாயின. அச்சான 5,000 பிரதிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சர்க்கார் பறித்து அழித்தது. ஓவியரின் குடும்பத்தார் காத்து வைத்த ஒரு பிரதி எஞ்சி, 2011-இல் அதன் நகல் பதிப்பு வெளிவந்தது. ஓவியர் ஜைனுல் ஆபிதீனும் அந்நாளில் கல்கத்தாத் தெருக்களில் மாண்டுகொண்டிருந்தவர்களை மலிவான காகிதத்தில் வரைந்தார். கமிஷன் எண்களைத் தந்தது. இவர்கள் முகங்களைத் தந்தார்கள். எண் இல்லாவிட்டால் அநீதியின் அளவு தெரியாது; முகம் இல்லாவிட்டால் அது அநீதி என்பதே மறந்துபோகும்.

சாசனமே சித்திரமாக நிற்கும் இடங்களும் உண்டு. 1909 நவம்பர் 13 முதல் 22 வரை, லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற கில்டோனன் காஸில் கப்பலில், கப்பலின் காகிதத்திலேயே காந்தியடிகள் குஜராத்தியில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதினார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதியின் நகலைப் பார்ப்பவர்கள், எழுத்தின் சாய்வும் அழுத்தமும் மாறும் பக்கங்களைக் கண்கூடாகக் காணலாம். கருத்து கைகளைவிட வேகமாக ஓடியதற்கு அந்தக் கோடுகளே சாட்சி. 1910-இல் பம்பாய் சர்க்கார் அந்த நூலைத் தடை செய்தது. அத்தகைய காகிதங்களையும் கடிதங்களையும் உலகெங்கும் தேடித் திரட்டி 100 தொகுதிகளாக வெளியிட்ட மாபெரும் பணியில் தமிழர் பங்கு பெரிது: முதல் பிரதான ஆசிரியராக இருந்தவர் பாரதன் குமரப்பா; 1960 முதல் கால் நூற்றாண்டு அந்தப் பாரத்தைத் தாங்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் கே. சுவாமிநாதன். ஒரு கடிதத்தின் தேதியைத் தீர்மானிக்க எத்தனையோ காகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்த அவர்களுடைய உழைப்பும் தேசத்தொண்டே.

இந்த இரு மரபுகளும் ஒன்றாய்க் கலந்த பேரேடு நம் அரசியல் சாசனம். 395 ஷரத்துகளையும் 8 அட்டவணைகளையும் கொண்ட அந்தச் சாசனத்தின் ஆங்கில மூலத்தை அச்சுக்கோக்கவில்லை. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா என்னும் எழுத்துக் கலைஞர், ஊதியம் வேண்டாமென்று மறுத்து, தம் கையாலேயே முழுவதும் எழுதினார். பக்கங்களை அலங்கரித்தவர்கள் நந்தலாலும் சாந்திநிகேதனத்து அவருடைய மாணாக்கர்களும். மொகஞ்சதாரோவின் காளை முத்திரையில் தொடங்கி, புத்தரும் அசோகரும் கடந்து, நடராஜர் வடிவமும் மாமல்லபுரத்துத் தவக்காட்சியும் வந்து, திப்பு சுல்தானும் ஜான்ஸி ராணியும், தண்டி யாத்திரையும், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் என்று அந்த ஏடு செல்கிறது. 1950 ஜனவரி 24-ஆம் தேதி அதில் அங்கத்தினர்கள் கையொப்பமிட்டார்கள். பாராளுமன்ற நூல் நிலையத்தில், காற்றுப் புகாதவாறு நைட்ரஜன் நிரப்பிய பேழையில் அது காக்கப்படுகிறது. ஹரிபுராவின் உழவனை வரைந்த அதே தூரிகை, அவனுக்கு வாக்குரிமை அளித்த சாசனத்தையும் அலங்கரித்தது. சட்டத்தின் ஷரத்துகள் அரசின் கடமையைச் சொல்கின்றன. ஓரத்துச் சித்திரங்கள், அந்த அரசு எத்தனை தலைமுறைகளின் கனவு என்பதைச் சொல்கின்றன.

பெரியோர்களே, நான் சொன்ன சாட்சியங்களில் ஒன்றும் தானாகப் பிழைத்ததில்லை. நானாவதியும் சித்தப்பிரசாத்தின் குடும்பத்தாரும் ஆளுக்கொரு பிரதியைக் காத்தார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகைகளுக்குச் சித்திரம் எழுதி வந்த ஓவியரான ரோஜா முத்தையா செட்டியார் தாமே தேடித் தேடிச் சேர்த்த தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் பாட்டுப் புத்தகங்களும் இன்று சென்னையில் அவர் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நூலகமாக நிலைத்திருக்கின்றன. ஒரு சித்திரக்காரரின் கை தமிழ் அச்சின் சாசனங்களைக் காத்தது என்பது நான் இன்று சொல்ல வந்த கருத்துக்கு அரிய சான்று.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ, தாத்தாவின் சிறைக்கடிதமோ, கதர்ச் சங்க இரசீதோ, பழைய மாநாட்டு அழைப்போ, பஜனைப் பாட்டுப் புத்தகமோ, சுவரில் மாட்டியிருந்த தலைவர் படமோ இருக்கக்கூடும். அதைப் பழைய காகிதக்காரனுக்கு எடை போட்டுவிடாதீர்கள். அக்காலத்துப் பத்திரிகைக் காகிதம் மரக்கூழினால் ஆனது; அதிலுள்ள அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். வெயிலும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் அணுகாத இடத்தில் வையுங்கள், ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறை ஏற்றிச் சூடு வைக்காதீர்கள். புகைப்படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை வீட்டிலுள்ள முதியவர் சொல்லக் கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். பெயரற்ற படம் பாதிச் சாட்சியே. பிறகு எழும்பூர்க் காப்பகத்திலோ, மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்திலோ, நம்பிக்கைக்குரிய நூலகத்திலோ மூலத்தையோ நகலையோ ஒப்படையுங்கள். மாணவர்களுக்குச் சொல்வது: ஒரு கோப்பைப் படிக்கும்போது இதை எழுதியவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்று கேளுங்கள், ஒரு சித்திரத்தைப் பார்க்கும்போது இது எதைக் காட்டாமல் விட்டது என்று கேளுங்கள்.

ஆண்டவர்களின் காகிதங்களைக் காக்க அவர்களுடைய சர்க்கார் இருந்தது. ஆளப்பட்டவர்களின் காகிதங்களைக் காக்க அவர்களுடைய சந்ததியாரைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்தச் சந்ததியார் நாம்.